அரைக் கிலோ தைரியம்

தைரியம் என்பது மனத்தில் விளைகிற பொருள் என்றுதான் நாம் படித்து வந்திருக்கிறோம். அதைத் தொழிற்சாலையில் செய்து, பெட்டியில் அடக்கி, விலை போட்டு விற்க முடியுமா? முடியும் என்று நம் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றே 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சொல்லிற்று. கான்பூரிலுள்ள படைக்கலத் தொழிற்சாலையில், பெண்களை உத்தேசித்து ஒரு சிறிய ரிவால்வரைச் செய்து வெளியிட்டார்கள். பெயர் 'நிர்பீக்'. பயமற்றது என்று பொருள். டைட்டானியம் கலந்த உலோகத்தால் ஆனது. எடை 500 கிராம். ஆறு தோட்டாக்கள் கொள்ளும். விலை 1,22,000 ரூபாய்க்குச் சற்று மேல். நகை வைத்துக் கொடுப்பது போன்ற ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

2012 டிசம்பர் 16-ந் தேதி இரவு டெல்லியில், ஓடுகிற பஸ்ஸில் ஓர் இளம் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை நாடு மறக்கவில்லை. அதே மாதம் 29-ந் தேதி சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் அவள் உயிர் பிரிந்தது. 'நிர்பயா' என்று பத்திரிகைகள் அவளுக்கு வைத்த பெயரின் எதிரொலிதான் 'நிர்பீக்'. காவல் கொடுக்க வேண்டிய அரசாங்கம் ஆயுதம் விற்கலாமா என்று பலர் குறை கூறினார்கள். எனக்கு அப்படி ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட மனம் வரவில்லை. பயந்தவள் தன் கையில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று நினைப்பது குற்றமாகாது.

என் தங்கையின் மகள் ஒருத்தி நர்ஸாக இருக்கிறாள். மாலை வேலை முடிந்து, கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி, பாதி விளக்குகள் எரியாத தெருவில் நடந்து வீடு சேர வேண்டியவள். இந்தப் பேச்சு வந்தபோது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மாமா, பயப்படாதே என்று எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். பயப்படாமல் இருக்க ஒரு வழி யாராவது சொன்னீர்களா? அந்தத் துப்பாக்கி செய்தவனாவது ஒரு வழி சொல்லியிருக்கிறான்!"

இந்த வாதத்துக்கு நேர்மையான விடை வேண்டும். நியாயமான விசாரணை என்றால் இரண்டு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பொருளின் தரப்பைக் கேட்போம். உடம்போடு வைத்துக்கொள்ளக்கூடிய உலோகத் துப்பாக்கிகளில் பெயர் பெற்றது, ஜெர்மனியின் வால்தர் கம்பெனி 1931-ல் கொண்டுவந்த பி.பி.கே. பிஸ்டல். எஃகினால் ஆனது; எடை ஏறக்குறைய 600 கிராம். பிற்காலத்தில், 1982-ல் ஆஸ்திரியாவில் பிறந்த கிளாக் முதலியவை, குழலையும் மேல்பாகத்தையும் எஃகாக வைத்துக்கொண்டு மீதி உடம்பைப் பிளாஸ்டிக்காக மாற்றிக்கொண்டன. இன்று 300 கிராமுக்கும் குறைவான பிஸ்டல்கள்கூடக் கிடைக்கின்றன. ஆனாலும் உலோகத்தை விடாதவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. தோட்டா முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். இது நியூட்டன் சொன்ன விதி. துப்பாக்கி கனமாக இருந்தால் அந்த உதை மெதுவாக வரும், கை தடுமாறாது, இரண்டாவது முறை குறி பார்ப்பது எளிது. தவிர, துடைத்து எண்ணெய் போட்டு வைத்தால் எஃகு பேரன் காலம் வரையில் உழைக்கும்.

எதிர்த் தட்டில் என்ன இருக்கிறது? கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது 600 கிராம் ஒன்றுமே இல்லை. காலையிலிருந்து இரவு வரையில் இடுப்பில் தொங்கும்போது அது குடும்பப் பாரம். வேர்வை பட்டால் எஃகு துருப் பிடிக்கும். நாலு நாள் சுமந்தவர் ஐந்தாம் நாள் பீரோவில் வைத்துவிட்டுப் புறப்படுவார். தேவைப்படுகிற நாள் அந்த ஐந்தாம் நாளாக இருந்துவிட்டால்? சரி, எடையைக் குறைப்போம் என்றால், சுமப்பது சுலபமாகிறது, சுடுவது கஷ்டமாகிறது. குழலைச் சுருக்கினால் கைப்பைக்குள் அடங்குகிறது. குறி தவறுவதும் அதிகமாகிறது. தோட்டாவை நிரப்பியே வைத்திருந்தால் சமயத்துக்கு உதவும். வீட்டுக் குழந்தையின் கைக்கும் அதே நிலையில்தான் கிடைக்கும். தோட்டாவைத் தனியே பூட்டி வைத்தால் குழந்தை பிழைக்கும், சமயத்துக்கு உதவாது.

ஆக, இந்தக் கருவியின் ஒவ்வொரு குணமும் மறுபக்கம் திருப்பினால் தோஷமாக இருக்கிறது. செய்தவனுடைய திறமைக் குறைவு அல்ல இது. ஒரே ஒரு நிமிஷத்துக்காக வாங்குகிற பொருளை 25 வருஷம், அதாவது 9,000 நாட்களுக்கு மேல், வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அந்த நிமிஷத்துக்கு நல்லது இந்த நாட்களுக்கு நல்லதாக இருப்பதில்லை.

கதை எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. இங்கிலாந்தில் இயான் பிளெமிங் என்ற நாவலாசிரியர் தம் கதாநாயகன் ஜேம்ஸ் பாண்டுக்கு ஒரு சின்னஞ்சிறு பெரெட்டா பிஸ்டலைக் கொடுத்திருந்தார். துப்பாக்கிகளைப் பற்றி நன்கு அறிந்த ஜெஃப்ரி பூத்ராய்டு என்ற வாசகர் 1956-ல் அவருக்குக் கடிதம் எழுதினார்: இது சீமாட்டிகளுக்கு ஏற்றது, உளவாளிக்கு ஏற்றதல்ல என்று. பிளெமிங் அதை ஏற்றுக்கொண்டார். 1958-ல் வெளிவந்த 'டாக்டர் நோ' நாவலில் பாண்டின் கைக்கு வால்தர் பி.பி.கே. வந்து சேர்ந்தது. யோசனை சொன்ன வாசகரின் பெயரையே நாவலில் வருகிற ஆயுத நிபுணருக்கு வைத்து மரியாதை செய்தார் ஆசிரியர்.

வாசகரை மதிக்கத் தெரிந்த எழுத்தாளர்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள். ஜேம்ஸ் பாண்டின் வீட்டில் தவழ்கிற குழந்தை இல்லை. மாதக் கடைசியில் கடன்காரன் வாசலில் வந்து நிற்பதில்லை. பரீட்சையில் தோற்றுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளை இல்லை. கதாசிரியர்களாகிய நாங்கள் துப்பாக்கி வெடிக்கிற நிமிஷத்தை எழுதுகிறோம்; அது பீரோவில் கிடக்கிற வருஷங்களை எழுதுவதில்லை. அந்த நிமிஷத்தை நம்பிக் கடைக்குப் போகிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுவருவது அந்த வருஷங்களைத்தான்.

அந்த வருஷங்கள் எப்படி இருக்கும் என்பதை அமெரிக்காவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பொது இடங்களில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் உரிமை என்று 2022-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அதற்கு அனுமதிச் சீட்டுக்கூடத் தேவையில்லை. அங்கே 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் எந்தத் திருடனாலும் சுடப்படவில்லை. தாங்களே தங்களை மாய்த்துக்கொண்டவர்கள். கலிபோர்னியாவில் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இன்னும் துல்லியமாகச் சொல்கிறது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, வைத்திராத ஆண்களைவிட ஏறக்குறைய 8 மடங்கு அதிகம். பெண்களிடையே அது 35 மடங்கு. 'நிர்பீக்' பெண்களுக்காகச் செய்யப்பட்டது என்பதை நினைத்துக்கொண்டு அந்த 35 என்ற எண்ணை மறுபடியும் படியுங்கள். துயரம் இரவில் பொங்கும். பொழுது விடிந்தால் பெரும்பாலும் கொஞ்சம் தணியும். இடையில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் வாழ்வையும் சாவையும் பிரிக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. சிறிய துப்பாக்கியின் தலையாய குணம், அது மறைவாக இருக்கும் என்பது. மறைவு யாருக்கு அதிகம் பயன்படும்? நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறவனுக்கு. தாக்க வருகிறவன் நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டித் தேர்ந்தெடுக்கிறான். தற்காத்துக்கொள்ள வேண்டியவளுக்கு அந்த வசதி இல்லை. சீப்புக்கும் சாவிக்கும் நடுவே அவள் கைப்பையில் துழாவிக்கொண்டிருப்பாள். 1948 ஜனவரி 30-ந் தேதி மாலை பிர்லா மாளிகையில் பிரார்த்தனைக்கு நடந்து வந்த காந்தியடிகளின் எதிரே வந்து நின்றவனிடம் இருந்தது, இத்தாலியில் செய்த சிறிய பெரெட்டா பிஸ்டல். கூட்டத்தில் யார் கண்ணிலும் படாத அளவுக்குச் சிறியது. அவனுக்கு வேண்டியிருந்ததும் அந்தச் சிறுமைதான்.

தைரியத்தை மனத்திலிருந்து எடுத்து ஒரு பைக்குள் வைத்துவிட்டால் வேறொரு சங்கடமும் வருகிறது. பையை மறந்துவிட்டுப் போன அன்றைக்குப் பயம் இரண்டு பங்காகிறது. பை கையில் இருக்கிற அன்றைக்கோ, எதிரே வருகிற ஒவ்வொருவனையும் 'இவனா, இவனா?' என்று கண் தேடுகிறது. வழி கேட்க வந்தவன்கூடப் பகைவனாகத் தோன்றுகிறான். வள்ளுவர் அஞ்சாமைக்கு இடம் கொடுத்தவர். அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சுவதற்கும் இடம் கொடுத்தவர். எது எந்த இடம் என்று சொல்லித்தர எந்த உலோகத்தாலும் முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் தங்கை மகளின் கேள்வி அப்படியே நிற்கிறது. வலியவனுக்குத் துப்பாக்கி வேண்டியதில்லை. அவனுக்குக் கை போதும். எளியவளுக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கணத்தில் அழிக்கக்கூடியது துப்பாக்கி. அதனால் உயிர் தப்பியவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. கோழைத்தனம், வன்முறை இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வந்தால் வன்முறையையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன் என்ற கருத்தைக் காந்தியடிகளே 1920-ல் எழுதியிருக்கிறார்.

ஆனால் 1,22,000 ரூபாயும், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பெற வேண்டிய லைசென்ஸும், அதற்காக ஏறி இறங்க வேண்டிய படிகளும் யாருக்கு எட்டும்? காரில் போய்க் காரில் திரும்புகிறவளுக்கு எட்டும். கடைசி பஸ்ஸில் வந்து இறங்குகிறவளுக்கு எட்டாது. யாருடைய பெயரைச் சொல்லி அந்தத் துப்பாக்கியைச் செய்தார்களோ, அவளைப் போன்றவர்களின் கைக்கு அது வரப் போவதில்லை.

ஆகவே தட்டு எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதற்கு எனக்கு உரிமை கிடையாது. நிராயுதபாணியாகப் போய் வா என்று ஒருத்திக்குப் புத்தி சொல்கிறவன், அவளுடைய காவலில் ஒரு பங்கைத் தானே ஏற்றுக்கொள்கிறான். தெருவிளக்கு எரிகிற வரையில் நகராட்சிக்கு எழுதிக்கொண்டே இருப்பது, கடைசி பஸ் வருகிற நேரத்துக்கு நிறுத்தத்தில் போய் நிற்பது, அலறல் கேட்டால் ஜன்னலைச் சாத்தாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவது, சாட்சி சொல்லக் கூப்பிட்டால் போவது: இவையெல்லாம் 500 கிராமைவிடக் கனமான காரியங்கள். இவற்றைச் சுமக்க மாட்டேன் என்கிறவருக்கு அவள் வாங்க நினைக்கிற துப்பாக்கியைப் பழிக்கும் யோக்கியதை இல்லை.

அந்த அரைக் கிலோவை யாராவது ஒருவர் சுமந்துதான் தீர வேண்டும். அவளுடைய கைப்பையில் வேண்டாம் என்றால், அது நம்முடைய தோளுக்கு வர வேண்டியதுதான்.