அபூதர்தாவின் வீட்டுக்கு வந்த கூட்டாளி

தொழுகை இருப்பில் சுட்டுவிரலை நீட்டியபடி வைத்திருப்பதா, அசைத்துக்கொண்டே இருப்பதா? 2001ஆம் ஆண்டு, கற்பிட்டியில், பதினாறு வயதிலிருந்த எங்கள் இருவருக்கும் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே மீதமிருந்தன. கணிதம் இருவருக்குமே ஓடாது. ஆனாலும் ஒல்லாந்தர் கோட்டைக்கு இப்பால், களப்போரத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த தோணியொன்றின் மேல் குந்திக்கொண்டு, மஃரிபுக்கு பாங்கு சொல்லும் வரை விரலைப் பற்றியே பேசினோம். பேசினோம் என்பது சரியில்லை. அவன் பேசினான். நான் முதலில் சிரித்தேன், பிறகு கோபித்தேன், கடைசியில் அந்தத் தோணிப் பக்கம் போவதையே விட்டேன்.

அவன் பிறப்பால் எங்கள் ஊரவன் அல்லன். 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் 70,000 பேர் வரையில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்ப் பக்கமிருந்து கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கிய குடும்பங்களில் ஒன்று அவனுடையது. அப்போது அவனுக்கும் எனக்கும் ஐந்து வயது. எங்கள் ஊர் அவர்களை ஏற்றுக்கொண்டது. பள்ளிவாசலையும் பாடசாலையையும் திறந்துவிட்டது, கிடாரங்களில் சோறாக்கிக் கொடுத்தது. இதை நாங்கள் மேடைதோறும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சொல்லிக்கொள்ளாத ஒன்றும் உண்டு. பத்து வருடம் கழிந்த பிறகும் அவன் 'அகதிப் பொடியன்' ஆகவே இருந்தான். குழாயடியில், நிவாரணக் கியூவில், கிரிக்கெட்டுக்கு ஆள் பிரிக்கையில் அந்தச் சொல் வந்து விழும். நானும் சொல்லியிருக்கிறேன், விளையாட்டாக.

எங்கள் வீட்டில் உம்மம்மாவின் ஆட்சி. வருடந்தோறும் ரபீஉனில் ஆகிரில் முஹியித்தீன் ஆண்டகை பேரில் மௌலூது ஓதி நெய்ச்சோறு ஆக்குவார். சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால் என் வலப்பக்கம் எப்போதும் அவன்தான். ஆறு வயது முதல் அப்படித்தான்.

அவனுக்குள் மாற்றம் எப்போது தொடங்கியது என்று என்னால் திட்டமாகச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பயான் கேசட்டுகள் கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. குடியேற்றத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரையோடு ஒரு சின்னப் பள்ளி வந்தது. அவன் அங்கே போகத் தொடங்கினான். தொப்பி போயிற்று. காற்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறிற்று. நாகூர் ஹனிபாவின் கேசட்டுகளை எனக்கே தந்துவிட்டான். ஒருநாள் உம்மம்மாவின் மௌலூதுக்கு வந்தவன் வாசலோடு நின்றுகொண்டான். சஹனில் அவனுடைய இடம் காலியாக இருக்க, நான் எழுந்து வெளியே போனேன்.

"மச்சான், நீ நல்லவன். அதாலதான் செல்லுறன். அல்லாஹ் அல்லாதவங்கட பேரில ஆக்கின சோறு. நான் தின்னமாட்டன், நீயும் தின்னாத."

"அகதியா வந்து நிண்ட நேரம் திண்டியே, அப்ப தெரியல்லயா ஷிர்க்கெண்டு?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இத்தனை வருடங்களாக 'மார்க்க வெறியால் கெட்டுப்போன நட்பு' என்று மற்றவர்களிடம் நான் சொல்லிவந்த கதையில் என்னுடைய இந்த ஒரு வசனம் மட்டும் வராது.

கூட்டாளி குடிக்கப் பழகினால், சூதில் இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர வீட்டிலும் பள்ளியிலும் ஆளுண்டு. கூட்டாளி நம்மைவிட நல்லவனாகிவிட்டால், அல்லது அப்படி நினைத்துக்கொண்டுவிட்டால், என்ன செய்வது? அப்போது அவனுடைய கண்ணில் கெட்டுப்போனவர்கள் நாம்தான். அவன் நம்மைத் திருத்த வருகிறான், அதையும் அன்பினால்தான் செய்கிறான். அந்த அன்பு உண்மையானது என்பதால்தான் அதைத் தாங்க முடிவதில்லை. பகைவன் சொல்லியிருந்தால் உதறிவிட்டுப் போயிருப்போம்.

இந்த நிலைக்குப் பொருத்தமான சம்பவம் ஒன்று ஸஹீஹுல் புஹாரியில் இருக்கிறது. நம்மில் பலரும் குத்பாக்களில் கேட்டதுதான். நபியவர்கள் மதீனாவில் ஸல்மான் பாரிஸியையும் அபூதர்தாவையும் சகோதரர்களாக ஆக்கிவைத்தார்கள். ஒருவர் பாரசீகத்திலிருந்து அலைந்து வந்தவர், மற்றவர் மதீனாவாசி. ஊரவனும் வந்தேறியும் என்று சொன்னால் கற்பிட்டிக்காரருக்கு இலகுவில் விளங்கும். ஒருநாள் ஸல்மான் அபூதர்தாவின் வீட்டுக்குப் போகிறார். மனைவி கவனிப்பாரற்ற கோலத்தில் இருக்கிறார். ஏனென்று கேட்டால், உங்கள் சகோதரருக்கு உலகத்தில் எந்தத் தேவையுமில்லை என்கிறார். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. அபூதர்தா விருந்தாளிக்கு உணவு வைத்துவிட்டு, தான் நோன்பு என்கிறார். நீர் சாப்பிடாமல் நானும் சாப்பிடமாட்டேன் என்று ஸல்மான் உட்கார்ந்துவிடுகிறார். அபூதர்தா நோன்பை விட்டுச் சாப்பிடுகிறார். இரவில் தொழ எழும்பியவரைப் படுக்கச் சொல்கிறார், மறுபடி எழும்பியவரை மறுபடியும் படுக்கச் சொல்கிறார். இரவின் கடைசிப் பகுதியில் அவரே எழுப்பிவிட, இருவரும் சேர்ந்து தொழுகிறார்கள். அதன் பிறகுதான், இறைவனுக்கும் உம் உடலுக்கும் உம் குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு, அவரவர் உரிமையை அவரவர்க்குக் கொடும் என்று சொல்கிறார். அபூதர்தா நபியவர்களிடம் போய் நடந்ததைச் சொல்கிறார். (முறைப்பாடாகச் சொன்னாரோ என்று எனக்கொரு சந்தேகம். அப்படியானால் அவர் இன்னும் நமக்கு நெருக்கமாகிறார்.) ஸல்மான் சொன்னது உண்மை என்று நபியவர்கள் சொன்னார்கள்.

இதை 'அளவோடு வணங்கு' என்ற உபதேசமாக மட்டும் கேட்டுவந்திருக்கிறோம். எனக்கு இப்போது பெரிதாகப் படுவது, ஸல்மான் எந்த ஒழுங்கில் எதைச் செய்தார் என்பது. முதலில் சாப்பாட்டில் உட்கார்ந்தார். பிறகு இரவு முழுக்க அங்கேயே இருந்தார். பிறகு கூடவே தொழுதார். பேச்சு கடைசியில்தான் வந்தது. கூட்டாளியின் வணக்கத்தை அவர் ஓரிடத்திலும் கேலி செய்யவில்லை. நானோ கேலியில் தொடங்கி சோற்றுக்கணக்கில் முடித்தவன். எங்களுக்கிடையில் விரலைத் தவிர எத்தனையோ இருந்தன. கணிதம் இருந்தது, களப்பில் தூண்டில் இருந்தது, பந்து இருந்தது. எல்லாவற்றையும் அந்த ஒரு விரலுக்குக் கொடுத்துவிட்டேன். பதினாறு வயதில் ஒருவன் ஸல்மானாக முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'இன்றைக்கு மார்க்கம் வேண்டாம் மச்சான், மீன் பிடிப்பம்' என்று சொல்ல ஸல்மானாக இருக்க வேண்டியதில்லை.

இமாம் கஸ்ஸாலி இஹ்யாவின் இரண்டாம் காற்பகுதியில் சகோதரத்துவத்தின் கடமைகளை எழுதும்போது, தடம் மாறிய தோழனை வெட்டிவிடலாமா என்ற கேள்வியில் ஸஹாபாக்களே இரு கருத்தாக இருந்தார்கள் என்கிறார். வெட்டிவிட வேண்டும் என்ற பக்கத்தில் அபூதர்ரைக் காட்டுகிறார். மனிதன் ஒருநேரம் கோணுவான், ஒருநேரம் நிமிர்வான், ஆகவே விடாதே என்ற பக்கத்தில் அவர் காட்டுவது யாரை? அதே அபூதர்தாவை. ஒரு காலத்தில் தானே கோணி நின்றவர், தன்னை விட்டுப் போகாத கூட்டாளி ஒருவரால் நிமிர்ந்தவர், அப்படிச் சொன்னதில் ஆச்சரியமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இது என்னுடைய ஊகம். கஸ்ஸாலி இரண்டையும் இப்படி இணைக்கவில்லை. ஆனால் அவரும் அபூதர்தாவின் வழியையே மென்மையானது, விளக்கம் மிகுந்தது என்று தெரிவு செய்கிறார். மணமுடிக்காமல் இருப்பதும் முடித்தபின் தலாக் சொல்வதும் ஒன்றல்ல என்பது அவருடைய வாதம். நட்பைத் தொடங்காமல் விடலாம், தொடங்கியபின் விடுவது வேறு கணக்கு.

உம்மம்மா 2003இல் மௌத்தானார். சுபஹோடு மண்வெட்டியும் கையுமாக முதலில் வந்து நின்றவன் அவன். எங்கள் மண்ணில் கபுறு வெட்டுவது லேசான வேலையல்ல. வெட்ட வெட்ட மணல் சரியும். பலகை வைத்து, பொறுமையாக, உள்ளே இறங்கி நின்று வெட்டினான். சந்தூக்கைத் தோளில் சுமந்தான். தல்கீன் ஓதத் தொடங்கியதும் ஒதுங்கிப் போய்விட்டான். மூன்றாம் கத்தத்துக்கு வரவில்லை. நான் அந்த 'வரவில்லை'யை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அவனோடு இருந்த கடைசி ஸலாமையும் முறித்தேன். தன் கொள்கை இடம் கொடுத்த கடைசி அங்குலம் வரை அவன் வந்திருந்தான் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். எல்லா முறுக்கையும் பொறுத்துக்கொண்டால் எங்கே போய் முடியும்? 2017 மார்ச் மாதம் காத்தான்குடியில் ஸஹ்ரானின் ஆட்கள் ஸூபிகளோடு வாளெடுத்து மோதியபின், அவனைக் கைது செய் என்று ஊர் மக்களே வீதியில் இறங்கினார்கள். அவர்கள் செய்தது சரி. 2019 ஜனவரியில் எங்கள் களப்புக்கு அக்கரையில், வணாத்தவில்லுவில் ஒரு தோட்டத்தில் வெடிபொருட்கள் பிடிபட்டன. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று 250இற்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். தலவில அன்னம்மாள் கோவிலுக்குப் போகும் சனங்களைச் சிறுவயதிலிருந்தே வீதியில் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அன்று தேவாலயங்களில் விழுந்து கிடந்தவர்கள் அந்நியரல்லர்.

ஆனால் என் சஹனில் கைவைக்க மறுப்பவனும், என் சஹனைத் தட்டிவிடுபவனும், எனக்கு உயிரோடிருக்கவே உரிமையில்லை என்பவனும் மூன்று ஆட்கள். மூன்றாமவனிடம் தோழமைக் கடமை பேசுவது மடமை. அவனைப் பற்றி உரிய இடத்தில் சொல்வதுதான் கடமை. முதலாமவன் மூன்றாமவனாக ஆகவே மாட்டான் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாதுதான். ஆனால் ஆகிறானா இல்லையா என்பது, வாப்பாவுக்கும் மௌலவிக்கும் பொலிஸுக்கும் முன்னதாகக் கூட்டாளிக்குத்தான் தெரியும், அவன் பக்கத்தில் இருந்தால். நான் விலகிப்போனபோது அவனைத் தகரக் கூரைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியவன் ஆனேன். அங்கிருந்தவர்கள் நல்லவர்களாக இருந்தது என் புண்ணியமல்ல. அங்கே யாரும் அவனை அகதிப் பொடியன் என்று கூப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் அங்கே தேடிப்போனது மார்க்கத்தை மட்டுந்தானா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

2019 மே, ரமழான். மாவட்டத்தின் மறுமுனையில், கொட்டாரமுல்லையில், முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டு ஒருவர் கொல்லப்பட்ட மாதம். வீட்டிலிருந்த அரபுக் கிதாபுகளை என்ன செய்வதென்று ஊரே கலங்கிக்கொண்டிருந்தது. விசாரிக்க வந்த ஒருவர் அவனுடைய பெயரைச் சொல்லி, தெரியுமா என்று என்னிடம் கேட்டார். 'முகம் தெரியும், பழக்கமில்லை' என்றேன். ஆறு வயது முதல் என் வலப்பக்கம் இருந்து சாப்பிட்டவனைப் பற்றி, என் உம்மம்மாவின் கபுறை வெட்டியவனைப் பற்றி, அப்படிச் சொன்னேன். சில நாட்கள் அவனை வைத்திருந்து விட்டார்கள். அவனிடம் ஒன்றுமில்லை, ஒரு சில்லறைக் கடையைத் தவிர.

அடுத்த வருடமே மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தமிழில் எழுதிய கவிதைகளுக்காகக் கைதானார். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில்தான் விடுதலை. அந்தக் கவிதைகள் வன்முறைக்கு எதிரானவை என்று தமிழ் வாசிக்கத் தெரிந்த சிலர் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஒரு புத்தகத்துக்குக்கூட, எனக்கு இதைத் தெரியும் என்று சொல்ல ஆள் இருந்தது.

அவன் கடைக்கு நான் போனது அந்த நோன்புப் பெருநாள் கழிந்த பிறகு. பதினாறு வருடங்களுக்குப் பின் ஸலாம் சொன்னேன். பதில் சொன்னான். ஒரு கிலோ சீனி கேட்டேன். அவன் நிறுத்துக்கொண்டிருக்கையில், விசாரித்தவரிடம் நான் சொன்னதைச் சொன்னேன். சோற்றைப் பற்றி முன்பு சொன்னதையும் சொன்னேன். தாளைச் சுருட்டி, சீனியைக் கொட்டி, நூலால் கட்டி முடிக்கும் வரை அவன் நிமிரவில்லை.

"என்னட்டக் கேட்டிருந்தா தெரியுமெண்டுதான் செல்லிருப்பன்" என்றான். "பொய் செல்லப்படாதே."

அவன் சொல்லியிருப்பான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மௌலூதுக்கு அவன் இன்றும் வருவதில்லை. நானும் ஓதுவதை விடவில்லை. மௌலூது இல்லாத நாளில் ஆக்கிய சோறாகப் பார்த்து என் மனைவி அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறாள். எந்த நாளில் ஆக்கியதென்று அவன் ஒருமுறை கேட்டுக்கொள்கிறான், பிறகு சாப்பிடுகிறான்.