சபராளி எப்போது முகீம் ஆகிறார்?

நம் கடற்கரை ஊர்களில் பொருள் தேடி அயல்நாடு போனவரைச் 'சபராளி' என்று அழைப்பது வழக்கம். சபர் என்றால் பயணம். பத்தாண்டு போனாலும் இருபதாண்டு போனாலும் அவர் சபராளிதான். ஜித்தாவிலும் துபாயிலும் குடும்பத்தோடு வீடெடுத்துத் தங்கி, அங்கேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாலும் அவர் சபராளிதான். அந்நாடுகளின் சட்டமும் அவரை அப்படித்தான் வைத்திருக்கிறது. இகாமா உள்ளவரை இருக்கலாம்; அது முடிந்தால் மூட்டை கட்ட வேண்டும்.

அந்த மூட்டையைக் கட்டும் நாள் பலருக்கும் வந்துவிட்டது. 1990 ஆகஸ்டில் குவைத்தை ஈராக் பிடித்தபோது உடுத்திய உடையோடு திரும்பியவர்கள் உண்டு. 2017 ஜூலையில் ஸவூதி அரசு, வெளிநாட்டுப் பணியாளரின் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று கட்டணம் விதித்து, அதை ஆண்டுதோறும் உயர்த்தி 2020 இல் 400 ரியாலாக்கியது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ளவர் மாதம் 1600 ரியால் கட்டி அங்கே குடும்பம் நடத்த முடியுமா? அத்தோடு பல குடும்பங்கள் திரும்பின. 2020 இல் கொரோனா நோய் பரவியபோது வேலை இழந்து திரும்பியவர்களும் பலர்.

திரும்பியவர்களில் எல்லோரும் பிறந்த ஊருக்குப் போவதில்லை. பிள்ளைகளின் படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் சென்னையிலோ திருச்சியிலோ கோவையிலோ குடியேறுகிறார்கள். அங்கேதான் ஒரு கேள்வி பிறக்கிறது. உணவளித்த நாடு ஒன்று, பிறந்த ஊர் ஒன்று, இப்போது குடியிருக்கும் நகரம் ஒன்று. இம்மூன்றில் இவருக்கு ஊர் எது? இவருடைய கடமை எந்த மண்ணோடு சேர்ந்தது? மனம் இருக்கும் இடத்தோடா, உடல் இருக்கும் இடத்தோடா?

இது வீண் கேள்வியன்று. பதினைந்தாவது மாடியிலோ மூன்றாவது சந்திலோ குடியேறி ஐந்தாண்டு ஆகியும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. எந்தப் பள்ளிவாசலின் மஹல்லாவில் குடியிருக்கிறோம் என்று தெரியாது. ஜும்ஆவுக்கு எந்தப் பள்ளி வசதியோ அங்கே தொழுதுவிட்டு வந்துவிடுவார். சந்தா எந்த ஜமாஅத்திலும் இல்லை. கேட்டால், "நமக்கு இது என்ன ஊரா? பிள்ளைகள் படிப்பு முடிந்தால் போய்விடுவோம்" என்கிறார். மகளுக்கு மாப்பிள்ளை பேசி, அவர்கள் தரப்பு ஜமாஅத் கடிதம் கேட்கும்போதுதான் இவருக்கு ஜமாஅத் நினைவு வருகிறது. வீட்டில் ஒரு மௌத்து நேர்ந்து, எந்த மையவாடியில் அடக்குவது என்று கேள்வி எழும்போதுதான், இத்தனை நாளும் எங்குமே சேராமல் இருந்தோமே என்ற திகைப்பு வருகிறது.

நமது மார்க்கச் சட்டம் பயணியைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசியிருக்கிறது. ஒருவர் எப்போது முஸாபிர், எப்போது முகீம் என்பதை நாள்கணக்குப் போட்டு வகுத்திருக்கிறார்கள் இமாம்கள். வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத் வைத்தால் ஷாஃபிஈ மத்ஹபில் அவர் முகீம். பதினைந்து நாள் தங்க நிய்யத் வைத்தால் ஹனஃபீ மத்ஹபில் அவர் முகீம். அதன்பின் நான்கு ரக்அத்தை இரண்டாகக் குறைக்கும் சலுகை அவருக்கு இல்லை. கவனியுங்கள்: அந்த ஊர் பிடித்திருக்கிறதா, மனம் ஒட்டியதா என்று சட்டம் கேட்கவில்லை. தங்கப் போகிறாயா என்று மட்டுமே கேட்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹஜ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் அஜர்பைஜானில் பனியால் வழியடைபட்டு ஆறு மாதம் தங்க நேர்ந்தபோது கஸ்ராகவே தொழுதார்கள் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. இன்று போவோம் நாளை போவோம் என்றிருப்பவர் எத்தனை நாளானாலும் பயணியே என்று ஹனஃபீ அறிஞர்கள் கூறுவதற்கு அந்தச் செயல் ஆதாரமாகிறது. ஆனால் அவர்கள் வழி திறக்கக் காத்திருந்தவர்கள். நம் சகோதரரோ வீடு வாங்கியிருக்கிறார்; ரேஷன் அட்டையை மாற்றியிருக்கிறார்; பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார். தொழுகையில் தம்மை முகீம் என்று ஒப்புக்கொண்டு நான்கு ரக்அத்தும் தொழுகிறார். தொழுகையில் முகீம், தெருவில் மட்டும் முஸாபிரா? சலாம் சொல்வதிலும், நோயாளியை விசாரிப்பதிலும், ஜனாஸாவில் தோள் கொடுப்பதிலும் கஸ்ர் செய்ய எந்த மத்ஹபில் இடமிருக்கிறது?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். உலகத்தில் அந்நியனைப்போல, வழிப்போக்கனைப்போல இரு என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுரை கூறவில்லையா? ஒட்டாமல் இருப்பதுதானே முஃமினுக்கு அழகு என்பார் சிலர். அறிவுரை உண்மைதான். ஆனால் அதன் பொருள் என்ன? உலகத்தில் வழிப்போக்கனாக இருப்பவர் எல்லா ஊரிலும் ஒரே அளவில் வழிப்போக்கனாக இருப்பார். ஜித்தாவை எண்ணி ஏங்குவதும், பிறந்த ஊரில் இரண்டு மாடி வீடு கட்டிப் பூட்டி வைப்பதும், குடியிருக்கும் நகரத்தில் மட்டும் 'நான் பயணி' என்பதும் துறவு ஆகாது. அது ஓர் ஊரின்மேல் உள்ள பற்றை மற்றோர் ஊரின் உரிமையை மறுக்கக் காரணமாக்குவதுதான். வழிப்போக்கனும் தான் இளைப்பாறும் மரத்தின்கீழ் அசுத்தம் செய்யமாட்டான்; தன் பக்கத்தில் இளைப்பாறுகிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பான்.

திருமறையின் 'அந்நிஸா' அத்தியாயம் 36 ஆவது வசனத்தைப் பாருங்கள். நன்மை செய்யப்பட வேண்டியவர்களின் வரிசையில், உறவினரான அண்டை வீட்டாரையும், உறவில்லாத அண்டை வீட்டாரையும், அருகிலிருக்கும் தோழரையும், வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்தே கூறுகிறான். அண்டை வீட்டாரின் உரிமைக்கு இத்தனை ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு அங்கே இல்லை. நேற்று வந்தவருக்கும் உரிமை உண்டு; நேற்று வந்தவர்மீதும் உரிமை உண்டு.

மற்றொரு மறுப்பு: "பிறந்த மண்ணை மறக்கச் சொல்கிறீர்களா?" இல்லை. ஊரை நேசிப்பது குற்றமன்று. ஹிஜ்ரத்தின்போது மக்காவைத் திரும்பிப் பார்த்து, அதுவே தமக்கு மிகப் பிரியமான மண் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வருந்தினார்கள். மதீனா வந்த முஹாஜிர்களுக்கு அந்தப் புதிய ஊரின் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களும் ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களும் காய்ச்சலில் படுத்தார்கள். பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் பள்ளத்தாக்கையும் புல்லையும் நினைத்துக் கவி பாடி ஏங்கினார்கள். மக்காவில் அவர்களைச் சுடுமணலில் கிடத்தி வதைத்தார்கள். ஆயினும் அந்த ஊரை நினைத்து ஏங்கினார்கள்! ஊர்ப்பாசம் அப்படிப்பட்டது.

அதைக் கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? ஏங்கியதற்காகக் கடிந்துகொள்ளவில்லை; திரும்பிப் போகவும் சொல்லவில்லை. மக்காவைப்போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவை எங்களுக்குப் பிரியமானதாக்கு; அதன் அளவைகளில் பரக்கத்தைத் தா என்று இறைவனிடம் கையேந்தினார்கள். இந்த துஆவில் நமக்கொரு பாடம் இருக்கிறது. அன்பைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது; ஆனால் கேட்டுப் பெறலாம். குடியேறிய நகரத்தின்மேல் பிரியம் வரட்டும், பிறகு கடமையைச் செய்வோம் என்று காத்திருக்கலாகாது. கடமையை முதலில் தொடங்க வேண்டும். பிரியத்தை அல்லாஹ்விடம் கேட்க வேண்டும்.

கடமை எப்படித் தொடங்குகிறது? மதீனாவில் கால்வைத்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் வாயிலிருந்து தாம் கேட்ட முதல் உபதேசத்தை ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அறிவிக்கிறார்கள்: சலாமைப் பரப்புவது, உணவளிப்பது, உறவைச் சேர்ந்து வாழ்வது, மக்கள் உறங்கும் இரவில் தொழுவது. புதிய ஊரில் குடியேறுவோருக்கு இதைவிடத் தெளிவான வரிசை வேறென்ன வேண்டும்? முதலில் வாய் திறக்க வேண்டும். பிறகு அடுப்பங்கரை திறக்க வேண்டும். விட்டுவந்த உறவை அறுக்கக்கூடாது. தனிமையில் இறைவனோடு பேச வேண்டும்.

ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை நினையுங்கள். அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அதற்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். பிறகு அவ்வூர்ப் பெண்ணையே மணந்தார்கள். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். உதவியை எதிர்பார்த்து உட்காராமல் உழைத்ததும், உழைத்ததில் ஊரை அழைத்து உண்ணவைத்ததும் சேர்ந்துதான் குடியேற்றம்.

ஹிஜ்ரி 8 இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது நடந்ததுதான் இக்கேள்விக்கு முடிவான விடை. இனிப் பெருமானார் சொந்த ஊரிலேயே தங்கிவிடுவார்களோ என்று அன்ஸாரிகள் கலங்கினார்கள். என் வாழ்வு உங்களோடு, என் மரணமும் உங்களோடு என்ற கருத்தில் அவர்களைத் தேற்றினார்கள் நபி (ஸல்) அவர்கள். எங்கே தங்குவீர்கள் என்று கேட்கப்பட்டபோது, அகீல் நமக்கு வீடு எதையும் விட்டுவைத்தாரா என்று கேட்டார்கள். பிறந்து வளர்ந்த ஊரில், கஅபாவின் நிழலில், கஸ்ராகத் தொழுதார்கள். மக்காவில் அவர்கள் பயணி! எட்டாண்டுக்கு முன் வந்து சேர்ந்த மதீனாவே அவர்களின் ஊர்.

சட்டத்தின் நுணுக்கத்தை ஸகாத்திலும் காணலாம். பொருள் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் ஏழைகளுக்கே அதன் ஸகாத் என்கிறது ஷாஃபிஈ மத்ஹபு. ஹனஃபீ மத்ஹபில் உறவினருக்கோ, அதிகத் தேவையுள்ளவருக்கோ வேறூர் அனுப்ப இடமுண்டு; காரணமின்றி அனுப்புவது மக்ரூஹ். ஃபித்ராவோ, ரமளானின் கடைசிச் சூரியன் மறையும்போது எங்கே இருக்கிறோமோ அங்குள்ள ஏழைக்கு என்பது ஷாஃபிஈ சட்டம். நம் வீட்டு வாசலைக் கூட்டுகிற பெண்ணும், பள்ளிக்கு வெளியே நிற்கிற முதியவரும் நம் ஃபித்ராவை எதிர்பார்க்க உரியவர்கள். முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, அவர்களைப் பார்த்து 'இது நம் ஊரில்லை' என்று சொல்ல முடியுமா?

குடியேற்றத்தின் சுமை எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்வது மரபு. உம்மாவும் ராத்தாவும் அடுத்த வாசலில் இருக்க வாழ்ந்த பெண்ணை, யாருமறியாத ஒரு மாடிவீட்டில் பகலெல்லாம் கதவைச் சாத்தி உட்காரவைத்தால் அவள் உள்ளம் என்னாகும்? கணவருக்கு அலுவலகம் உண்டு, பள்ளிவாசல் உண்டு. அவளுக்கும் நான்கு பெண்களோடு பழக வழி காண்பது கணவரின் பொறுப்பு. பிள்ளைகளைப் பொறுத்தவரை, வாப்பா ஏங்கும் ஊர் அவர்களுக்கு விடுமுறை ஊர்தான். அவர்கள் எதிரில் ஓயாமல் இந்த நகரத்தைப் பழித்தால், அவர்களுக்கென்று ஓர் ஊரே இல்லாமல் போகும்.

அயல்நாட்டில் பாங்கு வந்து நம்மை அழைத்தது. நகரம் முழுதும் தொழுகைக்கு ஒத்துப்போனது. இங்கே அலுவலகத்தில் லுஹருக்கு நேரம் கேட்டு வாங்க வேண்டும். பள்ளியைத் தேடிப் போக வேண்டும். நம் தொழுகையில் நம்முடைய பங்கு எவ்வளவு, சூழ்நிலையின் பங்கு எவ்வளவு என்பது இப்போதுதான் தெரியும். இதைக் குறையாக எண்ணாமல் சோதனையாக ஏற்பது நன்று.

சகோதரர்களே! இந்நகரங்களில் முஸ்லிம் என்றறிந்ததும் வீடு தர மறுப்போரும் உண்டு. முகம் கொடுக்காத அண்டை வீட்டாரும் உண்டு. அந்த வலி பொய்யன்று. ஆனால் அண்டை வீட்டாரின் உரிமை பண்டமாற்று அன்று. அவர் தந்தால் நாமும் தருவோம் என்பதற்கு இது கடையில்லை. ஆடறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்ட ஸஹாபியின் வழி நமக்கு இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது பள்ளிவாசல்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்தன. அன்று யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. வெள்ளம் வந்துதான் நாம் அறிமுகமாக வேண்டுமா?

ஆகவே, குடியேறிய முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். குழம்பில் தண்ணீரைக் கூட்டியேனும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள். மகள் கல்யாணத்துக்காக அல்ல, மையவாடிக்காக அல்ல, நீங்கள் அங்கே வாழ்கிறீர்கள் என்பதற்காக மஹல்லா ஜமாஅத்தில் பெயரைப் பதியுங்கள். எந்த மண்ணில் மௌத்தாவோம் என்பதை எந்த ஆத்மாவும் அறியாது. நம்மைச் சுமக்கப்போகும் தோள்கள் பிறந்த ஊரின் தோள்களாகத்தான் இருக்கும் என்று யார் உறுதி கூற முடியும்?

நாம் இருக்கும் ஊரை நமக்குப் பிரியமானதாகவும், நம்மை அவ்வூராருக்குப் பயனுள்ளவர்களாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.