வண்டி என்னாச்சு சார்?

நாற்பதைத் தாண்டிய ஒருவன் சைக்கிளில் அலுவலகம் போனால் தெரு முழுக்க ஒரே கேள்விதான்: "வண்டி என்னாச்சு சார்?" ரிப்பேரா, யாராவது வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்களா? எதுவுமில்லை, சும்மாதான் என்றால் அடுத்த சந்தேகம் சர்க்கரை. "டாக்டர் சொன்னாரா?" இப்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொல்லிச் செய்கிற எதற்கும் நம் ஊரில் ஒரு மரியாதை உண்டு. தானாக விரும்பி ஒருவன் சைக்கிள் மிதிப்பான் என்பதுதான் யாருக்கும் ஜீரணமாவதில்லை.

வேளச்சேரி விஜயநகரிலிருந்து தரமணிக்கு நாலு கிலோமீட்டர் சொச்சம். ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இவ்வளவு தட்டையான ஊர் கிடைத்தும் நாம் சைக்கிளைக் கைவிட்டோமே என்று பெங்களூர்க்காரர்கள் நம்மைப் பார்த்து ஆதங்கப்படலாம். வெயிலுக்கு மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கும். மழை கொட்டினால் பறக்கும் ரயில் இருக்கிறது. ஏறி இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். பஞ்சரானால்தான் கொஞ்சம் திண்டாட்டம். ரோட்டோரக் கடைகளில் இப்போது எல்லாம் டியூப்லெஸ். வால்வு டியூப் கேட்டால் கடைக்காரர் டப்பாவின் அடிவரை துழாவித்தான் எடுத்துத் தருகிறார். மற்றபடி உடம்புக்கு இது ஒரு காரியமே அல்ல. கஷ்டமெல்லாம் அலுவலக கேட்டில் தொடங்குகிறது.

காருக்குக் கீழ்த்தளம். டூவீலருக்குப் பக்கவாட்டில் தகரக் கூரை. சைக்கிள் என்றால் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகவேண்டும். ஜெனரேட்டர் அறையை ஒட்டி, செக்யூரிட்டி ஆட்களும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களும் நிறுத்துகிற இடம் அது. முதலில் நான் அங்கே போய் நின்றபோது என்னைவிட அவர்களுக்குத்தான் கூச்சம். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். இப்போது எழுவதில்லை; அதுவரைக்கும் நிம்மதி. நைட் ட்யூட்டி பார்க்கிற பெரியவர் ஒருவர் மட்டும் என்னிடம் மனம்விட்டுப் பேசுவார். பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று வாங்க அவர் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். "இருந்த வண்டிய வித்துட்டு இதுல ஏன் சார் வர்றீங்க? எனக்கு ஒரு எக்ஸ்எல் கெடச்சா இத அன்னிக்கே எடைக்குப் போட்ருவேன்."

பன்னிரண்டு மணி நேரம் கண் விழித்துவிட்டு, காலை வெயில் முகத்தில் அடிக்க வீடு போகிறவர் அவர். அவரிடம் போய்ச் சுற்றுச்சூழல், இதய ஆரோக்கியம் என்று பேச எனக்கு வாய் வரவில்லை. பேசுகிறவர்களைக் கண்டால் எரிச்சலாகவும் வருகிறது. ஞாயிறு விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஹெல்மெட்டும் இறுக்கமான ஜெர்சியுமாக விலையுயர்ந்த சைக்கிள்களில் கூட்டமாகப் போகிறவர்களை யாரும் நிறுத்தி, வண்டி என்னாச்சு என்று கேட்பதில்லை. விளையாட்டுக்கு மிதித்தால் கௌரவம்; வேலைக்குப் போக மிதித்தால் இல்லாதவன்.

எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்றில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் ஆதரவோடு நடந்த அறிவொளி இயக்கத்தில், எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்குப் பாடமாயிற்று. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டிருக்க, குவாரிக்கும் வயலுக்கும் பள்ளிக்கும் அவர்கள் மிதித்துக்கொண்டு போனார்கள். பஸ்ஸுக்காகவோ வீட்டு ஆணுக்காகவோ காத்து நிற்க வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும். இன்றும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் தருகிறது. ஆனால் பள்ளி முடிந்த கையோடு யூனிபார்மைப்போல அதையும் வீட்டில் கழற்றிப்போட்டுவிட்டு, கல்லூரிக்கு பைக் கேட்டு அடம்பிடிக்கிறான் பையன். அப்பாவும் தவணையில் வாங்கித் தந்துவிடுகிறார்.

இந்தத் தவணை விஷயத்தில்தான் சிந்தனையாளர் இவான் இல்லிச் ஞாபகம் வருகிறார். 1974இல் ஆற்றலையும் சமத்துவத்தையும் பற்றி அவர் எழுதிய சின்னப் புத்தகத்தில் ஒரு கணக்கு உண்டு. சராசரி அமெரிக்க ஆண் ஒருவன் காரில் உட்கார்ந்திருக்கும் நேரத்தோடு, அந்தக் காரின் தவணைக்கும் பெட்ரோலுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் சம்பாதிக்க உழைக்கும் நேரத்தையும் கூட்டினால் வருஷத்துக்கு 1,600 மணி நேரத்துக்கு மேல். அதில் அவன் கடப்பது 7,500 மைல். அதாவது, மணிக்கு எட்டு கிலோமீட்டர்கூட இல்லை. நிதானமாக மிதிக்கிற சைக்கிளே பதினைந்து போகும். நான் காரை விற்றபோது இதே கணக்கைப் போட்டுப் பார்த்து மிகவும் மகிழ்ந்தேன். நண்பர்களிடமெல்லாம் சொல்லித் தொல்லையும் கொடுத்தேன்.

ஆனால் அந்தக் கணக்கு செல்லுபடியாக, வேலைக்குப் பக்கத்தில் வீடு இருக்கவேண்டும். அதுவல்லவா பெரிய சொத்து? எங்கள் தளத்தைக் கூட்டித் துடைக்கிற அக்காவின் குடும்பம் கூவம் கரையில் இருந்தது. அங்கே இருந்தவரைக்கும் வீட்டுவேலைக்கு நாலைந்து தெரு நடந்து போய்விட்டு, மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடுவாராம். பிறகு பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கி அனுப்பினார்கள். 2000 வாக்கில் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம் என்று ஊரின் நடுவிலிருந்து எழுப்பப்பட்டவர்களெல்லாம் ஊரின் விளிம்பில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். பழைய வேலை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. வெயில் தாங்காத கூரைக்குப் பதில் கான்கிரீட் கூரை கிடைத்தது உண்மை. நடந்து போகிற தூரம் என்று அவர்களிடம் ஒன்று இருந்தது. அதற்கு மட்டும் யாரும் நஷ்டஈடு கணக்குப் போடவில்லை. 2021இல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபோது அவருக்குக் காசு மிஞ்சியது. காத்திருக்கும் நேரம் அப்படியேதான் இருக்கிறது.

சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் மிதிப்பவர்களுக்கும் என்று 2014இலேயே ஒரு கொள்கை வகுத்தது. சில சாலைகளில் அகலமான நடைபாதை வந்தது. பைக்குகளும் அதில் ஏறின. கொள்கை நல்லதுதான். ஆனால் பெரும்பாக்கத்திலிருந்து நகரத்தின் நடுவுக்குத் தங்கத்தில் நடைபாதை போட்டாலும் யாரால் நடந்துபோக முடியும்?

எனக்கு இது முடிகிறதென்றால், காரை விற்ற கையோடு மேடவாக்கத்து வீட்டைக் காலி செய்து, கூடுதல் வாடகைக்கு வேளச்சேரி வந்ததால்தான். காருக்குப் போன தவணை இப்போது வீட்டுக்காரருக்குப் போகிறது. மிச்சமெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் முக்கால் மணி நேரத்தை விலைக்கு வாங்கினேன் என்று வைத்துக்கொள்ளலாம். அதை என் கொள்கைப் பிடிப்பு என்று யாராவது பாராட்டினால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அந்த அக்காவுக்கோ பெரியவருக்கோ இப்படி வாங்கிக்கொள்ளும் வசதி இல்லை.

அலுவலகம் சிறுசேரிக்கு மாறப்போகிறது என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. மாறினால் இன்னொரு முறை வீடு மாற்ற என்னால் ஆகாது. பையனுக்குப் பத்தாம் வகுப்பு. போக இருபது கிலோமீட்டர், வர இருபது. நானும் ஏதாவது ஒரு வண்டி வாங்கித்தான் தீரவேண்டும்.