நடுகல்லும் யாத்திரையும்

பாஸ்போர்ட் என்பது ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் போய்விட்டது. சிப்காட் தொழிற்சாலைகள் பயிற்சியின் நிமித்தம் ஜப்பானுக்கு அனுப்பிவைக்கும் இளம் பொறியாளர்களும், ஆண்டு விற்பனை இலக்கை எட்டியதற்குச் சன்மானமாகத் தாய்லாந்துக்கும் சிங்கப்பூருக்கும் கூட்டிச் செல்லப்படும் டீலர்களும் தேவனஹள்ளி விமான நிலையத்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் தேவனஹள்ளி திப்பு சுல்தான் பிறந்த ஊர் என்பதும், அதன் கோட்டையைக் கார்ன்வாலிஸின் சேனை 1791இல் பிடித்தது என்பதும், அதே ஆண்டில் நம் இராயக்கோட்டையும் கும்பினியார் வசமாயிற்று என்பதும், பெட்டியின் எடையைப் பற்றிய கவலையில் யாருக்கும் நினைவு வருவதில்லை. போய்ச் சேர்ந்த தேசத்திலோ, ஒருநாள் பிற்பகலில், யுத்தத்தில் மாண்டவர்களுக்கு எழுப்பிய ஏதாவதொரு ஞாபகச் சின்னத்தின் வாசலில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடுகிறார்கள். ஹிரோஷிமாவாக இருக்கலாம், சிங்கப்பூரின் கிராஞ்சியாக இருக்கலாம், தாய்லாந்தின் காஞ்சனபுரியாக இருக்கலாம். அரைமணி அவகாசம், பிறகு சாப்பாடு.

அந்த அரைமணியை யாத்திரை என்று சொல்வதா, வேடிக்கை என்று சொல்வதா? ஊரில் ஒரு சாவுக்குப் போய்வந்தால் தலை முழுகாமல் நிலைப்படியைத் தாண்டாத குடும்பத்தில் பிறந்தவர், ஏழாயிரம் கல்லறைகளுக்கு நடுவே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு நேரே போய் இலை முன் உட்காருகிறார் என்றால், அவருக்கு அந்தச் சாவுகள் சாவாகவே படவில்லை என்றுதானே அர்த்தம்? தீட்டு என்பதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் ஒதுக்கட்டும். இறந்தவனுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்பதை உடம்பால் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு அது. சம்பந்தம் இல்லாத இடத்தில் தீட்டும் இல்லை.

ஆத்மாவுக்கு அழிவில்லை என்று கீதை சொல்லும்போது உடல் விழுந்த இடத்துக்கு மட்டும் ஏது மகிமை என்று கேட்கும் வேதாந்திகள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த உபதேசத்தைத் தன் நடுவே வைத்துப் போற்றும் மகாபாரதமே, யுத்தம் ஓய்ந்தபின் ஸ்திரீ பர்வம் என்று தனியாக ஒரு பர்வத்தை வகுத்து, காந்தாரியையும் குருகுலத்துப் பெண்களையும் குருக்ஷேத்திரத்துக்கு அழைத்துச் சென்று, இன்னான் இங்கே கிடக்கிறான், இன்னான் அங்கே கிடக்கிறான் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் புலம்ப வைக்கிறது. பல தேசங்களிலிருந்து வந்து, எடுத்துப் போட ஆளின்றி மடிந்து கிடந்தவர்களையும் விதுரரைக் கொண்டு தகனம் செய்விக்கிறான் தருமன். பின்பு கங்கைக் கரையில் ஜலதர்ப்பணம் நடக்கும் வேளையில்தான் கர்ணன் தன் மூத்த மகன் என்று குந்தி வாய் திறக்கிறாள். எதிரியாகவே வாழ்ந்து எதிரியாகவே மாண்டவன், உறவு இன்னதென்று தெரிந்த மாத்திரத்தில் நீர்க்கடனுக்கு உரியவனாகிறான். ஆத்மாவின் நித்தியத்துவத்தை வியாசரைவிட நன்றாக அறிந்தவர் யார்? அவரே இந்த அழுகையை விலக்கவில்லை.

இந்த விஷயத்தில் நம் எல்லைப்புறத்து மண்ணுக்குத் தனித்த அனுபவம் ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் புன்செய் வரப்பிலும் நிற்கும் நடுகற்கள் தமிழ்நாட்டின் வேறு பகுதிகளில் இந்த அளவில் இல்லை. ஆநிரை கவரப் போய் மாண்டவன், கவர்ந்ததை மீட்கப் போய் மாண்டவன், புலியோடு பொருது மாண்டவன் என்று பலருக்கும் கல் உண்டு. கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரையில் அதற்குரிய கிரியைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வரிசைப்படுத்துகிறது. திருக்குறளில் படைச்செருக்கு என்னும் அதிகாரம் தொடங்குவதே, தன் தலைவனை எதிர்த்து நின்று கல்லாகிப்போன பகைவர்களைச் சுட்டிக்காட்டித்தான். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்றில், கருந்தேவகத்தி என்னும் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டு, கோவிவன் என்று அந்த நாயின் பெயரும் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கன்னடத்தார் இதையே வீரகல்லு என்கிறார்கள். பெங்களூர் என்ற ஊர்ப் பெயர் காணப்படும் மிகப் பழைய சாசனமும், ஓசூர்ச் சாலைக்கு அருகிலுள்ள பேகூரின் நாகேஸ்வரர் ஆலயத்தில் இருக்கும், ஏறக்குறைய கி.பி. 890ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு வீரகல்லுதான்.

இந்தக் கற்களில் பலவற்றை இன்று நம் கிராமத்து ஜனங்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். பொங்கல் வைக்கிறார்கள், சேவல் அறுக்கிறார்கள், பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைக்கிறார்கள். கல்லில் நிற்கிறவன் பல்லவனுக்காக மாண்டானா, கங்கனுக்காகவா, நுளம்பனுக்காகவா, அவன் வீட்டில் பேசியது தமிழா, கன்னடமா, தெலுங்கா என்று கேட்டால் பூசாரி சிரிக்கிறார். பகை மறைந்துவிட்டது, பக்ஷம் மறைந்துவிட்டது, பெயரும் மறைந்துவிட்டது. படையல் மாத்திரம் நிற்கவில்லை. காவிரி நீரின் பெயரால் எல்லையில் பஸ்கள் நின்றுபோகும் நாட்களிலும் வேடியப்பனுக்குக் குறை வைப்பதில்லை. இதை அறியாமை என்று சொல்லப் படித்தவர்களுக்கு நா எழும். எனக்கு இது ஒரு பெரிய சித்தியாகவே தோன்றுகிறது.

கிராஞ்சியில் இதற்கு நேர்மாறான காட்சி. அங்கே 4,400க்கு மேற்பட்ட கல்லறைகள். உடல் கிடைக்காதவர்களின் பெயர்களாக 24,000க்கும் அதிகமானவை சுவர்களில் வரிவரியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மத ஆசாரப்படி எரிக்கப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கென்று தகன ஞாபகச் சின்னம் ஒன்றும் தனியாக உண்டு. 1917இல் லண்டனில் நிறுவப்பட்ட யுத்தக் கல்லறைக் கமிஷன், பதவி, இனம், மதம் என்ற பேதமின்றி எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல் என்று வகுத்த கொள்கை சாமானியமானதல்ல. எல்லா நிலத்திலும் அதைக் கடைப்பிடிக்கவில்லை என்றாலும், சாமானியச் சிப்பாய்க்குப் பெரும்பாலும் தனிக்கல் வைக்காத ஐரோப்பாவில் அது ஒரு புரட்சிதான். பெயர் அங்கே பத்திரமாக இருக்கிறது. படையல்தான் இல்லை. புல்லைச் சமமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் டீலர் நண்பர் ஒரு பெயரையும் வாய்விட்டுப் படிக்காமல் பஸ்ஸுக்குத் திரும்புகிறார்.

ஹிரோஷிமாவில் பெயரும் படையலும் சேர்ந்தே இருக்கின்றன. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6ஆம் தேதி, அவ்வாண்டில் மறைந்த அணுகுண்டுப் பாதிப்பாளரின் பெயர்களையும் சேர்த்து, ஏடுகளைச் சமாதிக் கல்லின் கீழுள்ள பேழையில் வைக்கிறார்கள். பெயர் தெரியாமல் போனவர்களுக்காகவும் ஓர் ஏடு உண்டு. ஆயினும் குண்டில் மாண்ட கொரியர்களுக்காக 1970இல் எழுப்பிய சின்னம் பூங்காவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்து, 1999இல்தான் உள்ளே இடம் பெற்றது. துயரத்திலும் உள்வாசல், வெளிவாசல் உண்டு போலும். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, அணுகுண்டுப் பரீட்சைகளை நிறுத்தும்படி கேட்பதற்காகத் தமது 83ஆம் வயதில், 1962இல், காந்தி சமாதான நிதியின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் சென்று கென்னடியைச் சந்தித்ததை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம். ஹிரோஷிமாவைப் பார்த்துவிட்டு வந்து கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேர் அப்படி ஒரு காரியத்துக்குப் புறப்பட்டார்கள்?

இனிக் காஞ்சனபுரி. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய ராணுவம் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட்டது. வேலை வாங்கப்பட்ட யுத்தக் கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களில் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர்; மாண்டவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இவர்களில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து, கூலி தருவதாகச் சொல்லியும் பலவந்தமாகப் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர் மிகப் பலர். காலரா வந்தது, மலேரியா வந்தது, அரிசி வரவில்லை. கைதிகளுக்கு அங்கே ஏழாயிரத்துக்குச் சற்றே குறைந்த கல்லறைகள், பெரும்பாலும் பெயரோடு. நம்மவர்களைக் குவித்து எரித்தார்கள், குழியில் தள்ளினார்கள், கணக்கு எழுதவில்லை. கமிஷனின் கல் சிப்பாய்க்கே உரியது. தோட்டக் கூலி சிப்பாய் அல்லவே! அந்த ரயில் பாதையின் பாலத்தை உலகத்துக்கெல்லாம் அறிமுகப்படுத்திய 1957ஆம் ஆண்டு ஆங்கிலப் படம், எடுக்கப்பட்டது என்னவோ இலங்கையின் கித்துல்கலையில். கதையில் தமிழனுக்கு இடமில்லை.

வேடியப்பனின் பெயரை நாம் மறந்ததும் காஞ்சனபுரித் தமிழனின் பெயரை உலகம் மறந்ததும் ஒன்றல்ல. முன்னவனுக்கு அவன் காலத்தவர் கல் தேடி, எழுத்து வெட்டி, செய்ய வேண்டியதைச் செய்தார்கள். கடன் தீர்ந்தபின் காலம் பகையைக் கழுவிவிட்டது. அந்த மறதி பக்குவம். பின்னவனுக்குக் கடன் தொடங்கவே இல்லை. அதற்குள், பழையதைக் கிளறாதே, எல்லாம் மாயை, ஆத்மா நித்தியம் என்று சாந்தி பேசுவது, தர்ப்பணத்துக்கு முன்பே தலை முழுகிவிட்டு எழுந்து போவதுதான். நாயின் பெயரையும் கல்லில் எழுதிய ஜனங்களின் சந்ததியார் அந்தக் காஞ்சனபுரித் தமிழர்கள். யாத்திரைக்கும் வேடிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இங்கேதான் காண்கிறேன். மாண்டவனுக்குச் செய்யவேண்டியதில் மிச்சம் என்ன என்று கேட்டுக்கொண்டு போகிறவன் யாத்திரிகன். மற்றவன் கேமராவைச் சுமந்து போகிறவன்.

2023ஆம் ஆண்டில் தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தார் காஞ்சனபுரியின் தாவோர்ன் வராராம் என்னும் பௌத்த ஆலயத்தில், அந்தத் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டினார்கள். எண்பது ஆண்டு தாமதம். இவ்வட்டாரத்திலிருந்து தாய்லாந்துக்குப் போகிறவர்களிடம் என் விண்ணப்பம் இது: பாலத்தில் படம் எடுத்து முடிந்ததும் வழிகாட்டியிடம் அந்த ஆலயத்தின் பெயரைச் சொல்லுங்கள், நேரமில்லை என்றால் சாப்பாட்டு நேரத்தில் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கல்லின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு, நாதியற்றவர்களுக்கென்று இரண்டு கை நீர் விடுங்கள். எள் கிடைக்காவிட்டால் பாதகமில்லை.