உபேட்சை என்னும் சொல்லும் பர்மிய மக்களின் துன்பமும்

மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கினைப் பகவன் நமக்குப் போதித்தார். முதல் மூன்றில் ஐயமில்லை, நான்காவதிலேதான் வழுக்குகிறோம். சார்பின்றி நிற்கும் சமமனத்தைக் குறித்த அச்சொல், தமிழ் வழக்கில் ‘கவனியாது விடுதல்’ என்றாகிவிட்டது. திரிந்தது சொல் மட்டுந்தானா?

ஆசியான் எனப்படும் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பை நோக்குவோம். 1967இல் பாங்காக்கில் ஐந்து நாடுகள் கூடி நிறுவிய அதற்கு, பிறர் உள்விவகாரத்தில் தலையிடாமை அடிப்படை நெறி. தீய எண்ணத்தில் பிறந்த நெறியன்று. 1966 வரை பகைத்து நின்ற இந்தோனேசியாவும் மலேசியாவும் மறு ஆண்டே ஒன்றாய் அமர்ந்ததற்கு அவ்வுறுதியும் துணை நின்றது.

1997இல் பர்மா அதில் உறுப்பாயிற்று. 2017இல் அந்நாட்டுப் படையினரின் கொடுமைக்கு அஞ்சி ஏழு லட்சத்திற்கும் மேற்பட்ட ரோகிங்கியா முஸ்லிம்கள் வங்காளதேசத்திற்கு ஓடினர். கூட்டமைப்பு நிவாரணத்தைப் பேசிற்று. குற்றத்தைச் சொல்ல நா எழவில்லை. 2021 பிப்ரவரி 1இல் அதே படையினர் ஆட்சியைப் பறித்து, எதிர்த்தோரைச் சுட்டனர். ஏப்ரலில் ஜகார்த்தாவில், வன்முறையை நிறுத்துதல், எல்லாத் தரப்பாரும் பேசுதல், தூதர் சென்று எல்லாரையும் காணுதல் உள்ளிட்ட ஐந்து அம்சங்கள் முடிவாயின. அம்முடிவு பிறந்த கூட்டத்திற்கோ படைத்தலைவர் மட்டுமே அழைக்கப்பட்டார். மக்கள் தேர்ந்தெடுத்த தரப்பினர்க்கு இடமில்லை!

ஆலைத் தகராறுகளில் இதனை நாம் கண்டதுண்டு. சமரசம் பேச வந்தவர் முதலாளியின் அறையில் தேநீர் அருந்திவிட்டு, வாயிலில் நின்ற தொழிலாளரைப் பாராமலே போய்விடுவார்.

காவலிலிருந்த ஆங் சான் சூச்சியைக் காணத் தூதருக்கு இடந்தராமையால், அவ்வாண்டு அக்டோபர் மாநாட்டிற்குப் படைத்தலைவரை அழையாது விட்டனர். இதனைச் சிறிதென்று நாம் இகழோம். ஆயினும் தலைமை ஆண்டுதோறும் மாற, தூதரும் மாறினார்; கொலை நிற்கவில்லை.

ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் போருக்கு எழுந்த வரலாற்றைப் பாபாசாகேப் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் உரைக்கிறார். சித்தார்த்தர் தம் சங்கத்தாரை எதிர்த்து எழுந்து, இங்கிருந்து இருவர், அங்கிருந்து இருவர், அந்நால்வரும் தேரும் ஐந்தாமவர் என ஐவர் கூடித் தீர்க்கட்டும் என்றார். இரு கரைக்கும் சம எண்ணிக்கை என்பதைக் கவனியுங்கள். சமமனம் என்பது இதுவே. வாக்கெடுப்பில் அவர் தோற்றார். தோற்பார் என அறிந்தும் வாய் மூடி இருந்தாரில்லை.

‘பர்மியர் பௌத்தராயிற்றே, நாம் குறைகூறலாமா?’ என அன்பர் சிலர் வினவுகின்றனர். நம் சேரி எரிந்தபோது, ‘அது அந்த ஊர் விவகாரம்’ என்று பக்கத்து ஊரார் ஒதுங்கினார்களே, அதனை அவர்கள் மறந்தனரோ? 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பாபாசாகேபுக்குத் திரிசரணம் அளித்த பிக்கு சந்திரமணி அரக்கானில் பிறந்தவர். 2017இல் அம்மக்கள் உயிருக்கு அஞ்சி ஓடியதும் அதே அரக்கானிலிருந்துதான்.