வாடகை வீடும் அணுவிரதமும்





நம்மிடம் ஆசிரியப் பயிற்சி பெற்ற மாணவி ஒருத்தி சென்ற திங்கள் நம் இல்லம் தேடி வந்தாள். எண்ணூரில் இரண்டு பகுதிகள் கொண்ட சிறு மாடிவீடு ஒன்று 30 லட்சம் ரூபாய்க்கு விலைக்கு வருகிறதாம். கையில் 10 லட்சம் உண்டு. மீதிக்கு வங்கிக் கடன். இரு பகுதிகளும் சேர்ந்து மாதம் 11,000 ரூபாய் வாடகை தருமாம். "டீச்சர், வாடகைக்கென்று வீடு வாங்குவது நம் சமயத்துக்கு ஒக்குமா? முதன்முதலாக வாங்குகிறேன், பயமாக இருக்கிறது" என்றாள். அன்று அவளிடம் கூறியதையே இங்கு எழுதுகிறோம்.

இல்லறத்தார் பொருள் ஈட்டுதலை நம் ஆசாரியர்கள் விலக்கவில்லை, அளவிடச் சொன்னார்கள். ஐந்தாம் அணுவிரதமான மிகுபொருள் விரும்பாமைக்குப் பரிக்கிரக பரிமாணம் என்று பெயர். பரிமாணம் என்றால் அளவு. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இவ்விரதத்தின் குற்றங்களைக் கூறுமிடத்தில், பொன்னுக்கும் தானியத்துக்கும் முன்னதாக நிலத்தையும் வீட்டையும் வைக்கிறது. அளவு கடக்க ஆசை முதலில் எழும் இடம் இதுவே என்று நாம் பொருள் கொள்கிறோம். ஆகவே வாங்கும் முன்பே, "இத்தனை வீடு, இவ்வளவு கடன், இதற்கு மேல் இல்லை" என்று அருகன் சந்நிதியில் எல்லை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். வாங்கிய பின் வகுக்கும் எல்லை தானே நகர்ந்துவிடும்.

இந்த எல்லை வீடுபேற்றுக்கு மட்டுமன்று, வீட்டுக் கணக்குக்கும் காவல். மாணவியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வாடகை ஆண்டுக்கு 1,32,000 ரூபாய். 20 லட்சம் கடனுக்கு 9 விழுக்காடு வட்டி என்று வைத்தால், முதலாண்டு வட்டி மட்டுமே ஏறத்தாழ 1,80,000 ரூபாய். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து 2,70,000 ரூபாய் ஆகும். வீட்டு வரி, பழுதுபார்த்தல், ஆள் இல்லாத மாதங்கள் வேறு. வாடகை கடனை அடைத்துவிடும் என்ற எண்ணம் இங்கு நிற்கவில்லை. கடன் நெருக்கும் வீட்டுக்காரரின் கண் குடியிருப்பவரின் மடியை நோக்கும். பின்வரும் பிழைகளெல்லாம் அங்கிருந்தே பிறக்கின்றன.

முதலாவது, பொய் எழுத்து. கொடுத்த விலை ஒன்று, பத்திரத்தில் எழுதும் விலை வேறு என்பது ஊர் வழக்கமாகிவிட்டது. கூடலேகக் கிரியை என்று வாய்மை விரதத்தின் குற்றங்களுள் இது எண்ணப்படுகிறது. அரசின் முறையை மீறுவது கள்ளாமை விரதத்துக்கும் குற்றம்.

இரண்டாவது, குறைத்தும் கூட்டியும் அளத்தல். இதைக் கடைக்காரரின் படிக்கல்லுக்கு மட்டும் உரியது என்று எண்ணுகிறோம். ஒரே மின் இணைப்பில் உள்மீட்டர் வைத்து, மின்வாரியத்துக்குக் கட்டுவதைவிட மிகுதியாக யூனிட்டுக்கு வாங்குவதும் அதுவே. தனி இணைப்பு வாங்கித் தந்தால், இலவச யூனிட்டுகளின் பயன் குடியிருப்பவருக்கே சேரும்.

மூன்றாவது, உண்மையை மறைத்தல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, சின்னக்குப்பம், பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். அப்பகுதியில் வீடு வாங்குபவர் வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, கட்டட அனுமதி ஆகியவற்றோடு, வெள்ளம் எதுவரை ஏறியது என்பதையும் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டறிய வேண்டும். அறிந்ததைக் குடிவருவோரிடம் ஒளியாமல் சொல்லவும் வேண்டும். நாம் நம் பேரக்குழந்தையைப் படுக்கவைக்கத் தயங்கும் அறைக்கு வாடகை வாங்குதல் தகுமா?

நான்காவதைச் சொல்ல நமக்கு நாணமாக இருக்கிறது. ஆயினும் சொல்வதே ஆலோசனை.

1988இல் கத்திவாக்கத்தில் நமக்கும் ஒரு சிறு வாடகை வீடு இருந்தது. அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்த ஒருவர் குடும்பத்தோடு குடியிருந்தார். முன்பணமாக 1,000 ரூபாய் கொடுத்தார். வாடகையை உயர்த்தியபோது மேலும் 500 கொடுத்தார். வேலை நின்று ஊருக்குத் திரும்பும் நாளில் அவர் மனைவி மட்டும் வந்து, "அட்வான்ஸ் ஆயிரம்தானேம்மா?" என்று கேட்டார். நமக்கு ஐந்நூறு நினைவில் இருந்தது. வீட்டுக் கடனின் தவணை நாளும் நினைவில் இருந்தது. "ஆமாம்" என்று ஆயிரத்தை எண்ணிக் கொடுத்தோம். அவர் கும்பிட்டுச் சென்றார்.

அவ்வாண்டு தசலட்சணப் பர்வத்தில், அடைக்கலமாக வைத்தவர் தொகையை மறந்து குறைத்துக் கேட்கும்போது, அறிந்தே குறைத்துக் கொடுப்பது நியாசாபகாரம் என்று பண்டிதர் விளக்கக் கேட்டோம். நம்மைப் பெயர் சொல்லி அழைத்ததுபோல் இருந்தது. மறுநாளே விசாரித்தோம், அவர்களுடைய ஊர் எவருக்கும் தெரியவில்லை. பின்னர் அத்தொகையைப் போல் பல மடங்கு சாத்திர தானமும் ஆகார தானமும் செய்தோம். தானம் தானமே; அது கடனைத் தீர்க்கவில்லை. அந்த ஐந்நூறு இன்றும் நம் கணக்கில் நிற்கிறது.

முன்பணம் நம் பணமன்று. நம்மிடம் அடைக்கலமாக இருக்கும் பிறர் பணம். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுதிப் பதியவும் சொல்கிறது. சட்டம் கேட்பதற்கு மேல் ஒன்று நாம் கேட்கிறோம். முன்பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். தொகையை இரண்டு குறிப்பேட்டில் எழுதி, ஒன்றைக் குடியிருப்பவரிடம் கொடுங்கள். அவர் மறந்தாலும் ஏடு மறவாது.

மாணவி கேட்டுக்கொண்டிருந்தாள். "கடனைப் பாதியாக்கும்வரை காத்திருக்கிறேன் டீச்சர், அதற்குள் சிறிய வீடு அமைந்தால் பார்க்கிறேன்" என்றாள். புறப்படும்போது வழியில் இரண்டு குறிப்பேடுகள் வாங்கிச் செல்வதாகக் கூறினாள். வீட்டுக்கு முன் ஏடு வாங்கும் அவள் நம்மினும் நல்ல வீட்டுக்காரி ஆவாள்.

அறம் வளர்க!