மாதரி கேட்ட நற்கலங்கள்



சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் அருகன் நெறி நின்ற துறவி. மாதரியோ மாயோனைப் பரவும் ஆயர்குலத்து முதுமகள். மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்க அடிகள் தேர்ந்தது இம்மாதரியையே. வந்தவர்கள் சாவக நோன்பினர், பகலில் உண்போர் என்பதனை அறிந்த மாதரி, சமைத்தற்குரிய நற்கலங்களைக் காலந்தாழ்த்தாது தருமாறு தம் சுற்றத்தாரிடம் கேட்கிறார். துணைக்குத் தம் மகள் ஐயையையும் அமர்த்துகிறார். கோவலன் கொலையுண்டபின், அடைக்கலம் காக்க இயலாத துயரால் மாதரி தீயில் வீழ்ந்தார். அடிகளும் உண்ணாநோன்பேற்று உயிர் துறந்தார். இருவரும் தத்தம் சமயத்திலேயே நின்றவர்கள் என்பதை நாம் ஏனோ ஊன்றிப் படிப்பதில்லை.

இதனை இப்போது நினைவூட்டக் காரணம் உண்டு. புழல் ஆதிநாதர் ஆலயத்தைக் கடந்து வடக்கே செல்லும் பெருவழி கும்மிடிப்பூண்டியை அடைகிறது. அங்குள்ள சிப்காட் ஆலைகளுக்கு மகனும் மருமகளும் முறைப்பணிக்குச் சென்றுவிட்டால், இல்லத்து மூதாட்டியைப் பேணுபவர் வேற்றுச் சமயத்துப் பெண்ணாக அமைவதுண்டு. நீரைத் துணியால் வடிகட்டுவதும், கதிரவன் மறையுமுன் உணவூட்டுவதும் அவர் கைக்குப் பழகிவிடுகின்றன. கேட்டுக் கேட்டுப் பழகிய பஞ்ச நமஸ்கார மந்திரத்தை, நினைவு தடுமாறும் பாட்டிக்கு அவரே அடியெடுத்துக் கொடுக்கவும் கூடும்!

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது உவர்ப்பின்மை. அஃதாவது, நோயுற்ற உடலைக் கண்டு அருவருப்புக் கொள்ளாமை. நாம் அதனை ஏட்டில் ஓதுகிறோம். படுக்கையை நனைத்துவிட்ட முதியவளை முகஞ்சுளிக்காமல் துடைத்து, வேறு புடவை உடுத்தும் பெண்ணோ அதன் பெயரையும் கேட்டறியாள். அவருக்கு மட்டும் தனிக் குவளையில் நீர் தரும் வீடுகள் நம்மிடையே இல்லை என்று நெஞ்சறியச் சொல்ல இயலுமா? நற்கலங்களைத் தேடித் தந்த மாதரியின் கதையைப் போற்றும் நமக்கு அது தகுமா?

பேணும் பெண் இசுலாமியர், காலம் ரமலான் மாதம் என்று கொள்வோம். பாட்டி உண்டு முடிக்கவேண்டிய அதே மாலைப்பொழுது அவருக்கு நோன்பு திறக்கும் வேளை. பகலெல்லாம் நீரும் அருந்தாத அவர், நாழிகை தவறாமல் பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறார். நோன்பின் வருத்தம் நோன்பிருந்தவளுக்கன்றோ தெரியும்! பாட்டி வாயைத் துடைத்துக்கொண்டு மருமகளை அழைக்கிறார்: “பொழுது சாயப் போகுதம்மா. இந்தப் பெண்ணுக்கு நாலு பேரீச்சம்பழமும், நம் குவளையிலேயே தண்ணீரும் கொண்டு வந்து வை.”